சீனமும் ஜப்பானியமும் ஒரே தாளில்: ஒரே எண்ணுக்கு இரண்டு வடிவம் வரும் சிக்கல்

ஓசூர் சிப்காட்டில் உதிரிபாகம் கடைந்து தரும் ஒரு பட்டறையை எடுத்துக்கொள்வோம். பொருளை வாங்குகிறவர் ஜப்பானில், அதற்கான வார்ப்பு அச்சைச் செய்து அனுப்புகிறவர் சீனாவில். வரைபடத் தாளில் ஆங்கிலத்தோடு இரண்டு மொழியும் அருகருகே வரும். 'விட்டம்' என்ற சொல் இரண்டிலும் இருக்கும். ஜப்பானியத்தில் அது இரண்டு எழுத்து. எளிமையாக்கப்பட்ட சீனத்திலும் அதே இரண்டு எழுத்து. கோப்பைத் திறந்து உள்ளே பார்த்தால், எழுத்துகளின் எண்ணைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 என்ற முறையில் ஆறு பைட். இரண்டு மொழிக்கும் ஒரு பைட்கூட மாறாது. ஆனால் தாளில் முதல் எழுத்து சீனருக்கு ஒரு விதமாகவும் ஜப்பானியருக்கு வேறு விதமாகவும் நிற்க வேண்டும்.

உலக மொழிகளின் எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் பொதுத் தரமான யூனிகோடில் அந்த முதல் எழுத்தின் எண் 30452. 'நேர்' என்பது அதன் பொருள். விட்டத்தில் மட்டுமில்லை, டிசி மின்சாரத்தைக் குறிக்கும் சொல்லிலும் இதே எழுத்துதான் முதலில் வரும். இயந்திரக் கையேட்டில் பக்கத்துக்குப் பக்கம் கண்ணில் படும். வடிவத்தை உற்றுப் பார்த்தால், உச்சியில் கூட்டல் குறிபோல ஒரு பகுதி, அதன் கீழே குறுக்குக் கோடுகள் போட்ட, நிமிர்ந்த ஒரு பெட்டி. இதுவரை இரண்டு மொழிக்கும் ஒன்றே. ஜப்பானில் அந்தப் பெட்டியின் இடப்பக்கத்தில் ஒரு கோடு இறங்கி, அடியில் வலது பக்கமாகத் திரும்பி ஓடும். சுவரோரம் வைத்த மூலைமட்டம் மாதிரி. சீன வடிவத்தில் அந்த மூலை கிடையாது. பெட்டி ஒரு நீளமான படுக்கைக் கோட்டின் மேல் நேராக உட்கார்ந்துவிடும். சீன வடிவத்தை ஜப்பானிய வாக்கியத்துக்குள் பார்க்கும் ஜப்பானியர் என்ன சொல் என்று ஊகித்துவிடுவார். ஆனாலும் 'இது நம் எழுத்து இல்லையே' என்று தோன்றிவிடும். துல்லியம் கேட்டு வரும் வாடிக்கையாளர் கையில் இருக்கும் தாளில் இது சின்ன விஷயம் இல்லை.

தட்டச்சு செய்தவர் எதையும் தப்பாக அடிக்கவில்லை. கோப்பும் கெடவில்லை. எண் சரி, பைட்டும் சரி. அந்த எண்ணை எந்த மொழியாகப் பார்க்க வேண்டும் என்று கணினிக்கு யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

எழுத்து வேறு, அதன் உருவம் வேறு

தமிழ் வாசகருக்கு இதைப் புரியவைக்க நம் வீட்டிலேயே உதாரணம் இருக்கிறது. 1978-இல் தமிழ்நாட்டில் எழுத்துச் சீர்திருத்தம் வரும் வரை 'லை', 'னை' போன்றவற்றை ஐகாரம் துதிக்கைபோல் மேலே வளைந்து எழுத்தோடு ஒட்டிய வடிவத்தில் அச்சிட்டார்கள். இன்று அந்தப் பழைய 'லை'க்கும் இப்போது எழுதும் 'லை'க்கும் யூனிகோடில் தனித்தனி எண் கிடையாது. லகரத்துக்கு ஓர் எண், ஐகாரக் குறிக்கு ஓர் எண். துதிக்கை வருமா, தனிக் கொம்பு வருமா என்பதை எழுத்துரு முடிவுசெய்யும். தாத்தா காலத்துப் புத்தகத்தை நாம் படிப்பதில்லையா? எழுத்து ஒன்றுதான், உருவம் மாறியிருக்கிறது என்று நமக்குத் தெரியும். 30452-க்கு நடந்திருப்பதும் இதேதான். ஒரு வேறுபாடு உண்டு: நம் பழைய லையும் புதிய லையும் காலத்தால் பிரிந்தவை, ஒரே பக்கத்தில் இரண்டும் தேவைப்படுவது அரிது. சீன, ஜப்பானிய வடிவங்கள் இன்று இந்த நிமிடம் ஒரே தாளில் தேவைப்படுகின்றன.

ஏன் ஒரே எண் கொடுத்தார்கள்? யூனிகோடுக்கு முன்பு ஒவ்வொரு நாட்டுக்கும் தனி அட்டவணை இருந்தது. ஜப்பான் 1978-லேயே சீன வேர் கொண்ட 6,349 எழுத்துகளுக்கு எண் போட்டு முடித்திருந்தது. சீனாவின் 1980 தரத்தில் 6,763 எழுத்து. தைவானின் பிக்-5 அட்டவணையில் 13 ஆயிரத்துக்கும் மேல். கொரியாவின் 1987 தரத்தில் 4,888. நான்கையும் அப்படியே அடுக்கினால் 31 ஆயிரத்தைத் தாண்டும், அதில் பெரும்பகுதி திரும்பத் திரும்ப வருவதாக இருக்கும். அன்றைக்கு யூனிகோடு 16 பிட் என்று திட்டமிட்டிருந்தார்கள். உலக மொழிகள் எல்லாவற்றுக்கும் சேர்த்து மொத்தம் 65,536 இடம். சீனா, ஜப்பான், கொரியா, தைவான் தரப்பு வல்லுநர்கள் இடம்பெற்ற கூட்டுக் குழு உட்கார்ந்து, வேர் ஒன்று, கட்டமைப்பு ஒன்று, கோட்டின் சாய்விலும் வளைவிலும் மட்டுமே மாற்றம் என்றிருந்தவற்றை ஒன்றாக்கியது. 1992-இல் வெளிவந்த முதல் பட்டியலில் 20,902 எழுத்து. பிறகு 16 பிட் எல்லை உடைந்து, இன்று எண்ணிக்கை ஒரு லட்சத்தைத் தாண்டிவிட்டது. ஆனால் ஒருமுறை கொடுத்த எண்ணை மாற்றுவதில்லை என்பது யூனிகோடின் அடிப்படை விதி. அதனால் முதலில் ஒன்றாக்கியவை ஒன்றாகவே இருக்கின்றன.

ஓசூர்க்காரர்களுக்கு இதில் இன்னொரு கேள்வி எழும். அங்கே கடைப் பலகைகளில் தமிழோடு கன்னடமும் தெலுங்கும் பார்க்கிறோம். கன்னடக் 'க'வும் தெலுங்குக் 'க'வும் ஒரே அச்சில் வார்த்ததுபோல் இருக்கும், தலைக்கோட்டில்தான் மாற்றம். அவற்றுக்கு ஒரே எண்ணா? இல்லை. தமிழ்க் ககரம் 2965, தெலுங்கு 3093, கன்னடம் 3221. ஒவ்வொன்றுக்கும் சரியாக 128 இடைவெளி. காரணம், 1988-இல் வந்த இஸ்கி என்ற இந்திய எழுத்து அட்டவணை. அதில் எல்லா இந்திய லிபிகளின் ககரத்துக்கும் ஒரே எண்தான், எந்த லிபி என்பதை வேறொரு குறி சொல்லும். யூனிகோடு இஸ்கியின் அந்த வரிசையை அப்படியே வைத்துக்கொண்டு, லிபிக்கு ஒரு தொகுதியாக 128 இடம் தள்ளித் தள்ளி வைத்தது. ஒன்றாக இருந்த நம் லிபிகளைப் பிரித்தது யூனிகோடு. தனித்தனியாக இருந்த ஹான் எழுத்துகளை, அதாவது சீன வேர் கொண்ட எழுத்துகளை, சேர்த்ததும் அதே யூனிகோடு. 128 இடம் கொடுப்பது எளிது, 7,000 இடத்தை நான்கு முறை கொடுப்பது அன்று முடியாத காரியம். ஆனால் இடப் பற்றாக்குறையை மட்டும் காரணமாகச் சொன்னால் பாதி உண்மைதான். கன்னடமும் தெலுங்கும் தனித்தனி லிபிகள் என்பதில் அவற்றை எழுதுகிறவர்களுக்குச் சந்தேகமே இல்லை. சீனரும் ஜப்பானியரும் ஹான் எழுத்தை ஒரே மரபு என்றுதான் சொல்வார்கள். ஜப்பானின் சொந்தத் தரத்திலேயே, சிறு உருவ மாற்றங்களை ஓர் எழுத்தாகக் கொள்ளும் வழக்கம் இருந்தது. ஒன்றாக்கியது தவறில்லை என்றே சொல்ல வேண்டும். மொழி எது என்ற தகவல் எழுத்தோடு சேர்ந்து பயணம் செய்தாக வேண்டும் என்பதைப் பயன்படுத்துகிறவர்களிடம் யாரும் எடுத்துச் சொல்லவில்லை. தொல்லை அங்கேதான் தொடங்கியது.

எது ஒன்று, எது மூன்று

எல்லாமே ஒன்றாகிவிடவில்லை. இதில் தெளிவு இல்லாவிட்டால் தப்பான இடத்தில் தேடிக்கொண்டிருப்போம். இயந்திரத்தின் மின்பெட்டிக் கதவில் 'அபாயம்' என்று ஒட்டியிருக்கும். ஜப்பானியம், எளிய சீனம், தைவானின் மரபுச் சீனம் மூன்றிலும் அது இரண்டெழுத்துச் சொல். முதல் எழுத்து மூன்றுக்கும் 21361. இரண்டாவது எழுத்துக்கு மூன்று எண்: ஜப்பானுக்கு 38522, சீனாவுக்கு 38505, தைவானுக்கு 38570. சீனாவும் ஜப்பானும் தத்தம் வழியில் எழுத்தைச் சுருக்கியபோது கட்டமைப்பே மாறிவிட்டது, அதனால் தனி எண். எந்த எழுத்துருவில் திறந்தாலும் இந்த வேறுபாடு அழியாது. முதல் எழுத்தின் உருவம்தான் எழுத்துருவை நம்பி நிற்கிறது.

'கதவு' என்ற எழுத்தில் மேல்கோடு மட்டுமே மாறும். ஜப்பானில் படுக்கை, சீனாவில் புள்ளி, தைவானில் சாய்கோடு. இவ்வளவு சின்ன மாற்றத்துக்கு முறையே 25144, 25143, 25142 என்று அடுத்தடுத்து மூன்று எண்! அதே நேரம் 'எலும்பு' எழுத்து, எண் 39592, சீனாவில் ஒன்பது கோடு, ஜப்பானில் பத்து. மேல்பெட்டிக்குள் இருக்கும் சிறு மடிப்பு சீனாவில் இடப்பக்கம், ஜப்பானில் வலப்பக்கம். இதற்கு ஒரே எண்தான். பழைய தேசிய அட்டவணை ஏதாவது ஒன்றில் இரண்டு வடிவங்களுக்குத் தனித்தனி இடம் இருந்திருந்தால் யூனிகோடும் பிரித்தே வைக்கும் என்று ஒரு விதி உண்டு. பழைய கோப்பு யூனிகோடுக்கு மாறித் திரும்பும்போது எதையும் இழக்கக்கூடாது என்பதற்காக வைத்த விதி. ஆகவே கண்ணுக்கு எது பெரிய வேறுபாடாகத் தெரிகிறது என்பதை வைத்து எண் ஒன்றா, பலவா என்று ஊகிக்க முடியாது. எண்ணைத்தான் பார்க்க வேண்டும்.

இன்னொரு வகைச் சிக்கல் இருக்கிறது, அதை எழுத்துருவால் தீர்க்கவே முடியாது. 26426 என்ற எழுத்து எளிய சீனத்தில் 'இயந்திரம்'. அதே எண், அதே எழுத்து ஜப்பானியத்தில் 'மேசை'. கையேட்டில் மொழி மாறி ஒட்டிவிட்டால் இது மொழிபெயர்ப்புப் பிழை; எழுத்துருவை மாற்றிப் பார்த்துப் பயனில்லை.

கெடும் இடங்கள்

உருவம் மாறுவது ஒரு கோளாறு, எழுத்தே குப்பையாவது வேறொரு கோளாறு. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புகிறவர்கள் அதிகம். வானவில், பாமினி போன்ற பழைய தமிழ் எழுத்துருக்களில் தட்டிய கோப்பை, அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் என்ன ஆகும் என்பது தருமபுரியில் எந்த டிடிபி கடைக்காரருக்கும் தெரியும். சீன, ஜப்பானியப் பழைய கோப்புகளிலும் அதுதான் நடக்கிறது, இன்னும் ஏமாற்றும் விதத்தில். ஜப்பானிய விண்டோஸ் கணினியில் சேமித்த பழைய கோப்பு கோட்பேஜ் 932 என்ற எழுத்து அட்டவணையில் இருக்கும். எளிய சீனம் 936, மரபுச் சீனம் 950. மூன்றிலும் ஹான் எழுத்து ஒவ்வொன்றுக்கும் இரண்டு பைட், பைட் வரம்புகளும் ஒன்றின் மேல் ஒன்று விழும். 932 கோப்பை 936 என்று நினைத்துத் திறந்தால் பெரும்பாலும் கேள்விக்குறியோ கட்டமோ வராது. அழகான, முறையான, அர்த்தமே இல்லாத சீன எழுத்து வரும். மொழி தெரியாதவர் அதைச் சரியென்றே நம்பி அச்சுக்கு அனுப்பிவிடுவார். ஜப்பானியர் இதை 'மோஜிபாகே' என்பார்கள்.

இதைச் சரிசெய்வது சுலபம்தான், சேமிக்காமல் இருக்கும் வரை. கோப்பை எடிட்டரில் திறந்து, குறிமுறையை மாற்றி மறுபடி திறக்கும் வசதியைப் பயன்படுத்துங்கள். முதலில் 65001, அதாவது யூடிஎஃப்-8. பிறகு 932, 936, 950. ஜப்பானிய வாக்கியமாக இருந்தால் ஹான் எழுத்துகளுக்கு இடையிடையே ஹிராகானா என்ற சுழியான, எளிய எழுத்துகள் வந்தே தீரும். அவை தெரிந்துவிட்டால் சரியான குறிமுறையைப் பிடித்துவிட்டோம் என்று கொள்ளலாம். குப்பையாகத் தெரியும் நிலையிலேயே யூடிஎஃப்-8 ஆகச் சேமித்துவிட்டால், சில பைட்டுகள் மாற்றுக்குறியாகி நிரந்தரமாகப் போய்விடும். அப்புறம் மூலக் கோப்பை மறுபடி கேட்பதைத் தவிர வழியில்லை.

எக்செல் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. சிஎஸ்வி கோப்பை இரட்டைச் சொடுக்கில் திறக்காதீர்கள். தொடக்கத்தில் அடையாள பைட் இல்லாத யூடிஎஃப்-8 கோப்பை அது இந்தக் கணினியின் சொந்தக் கோட்பேஜில் படித்துவிடும். டேட்டா பட்டியலில் 'டெக்ஸ்ட் / சிஎஸ்வி' வழியாக உள்ளே எடுத்து, ஃபைல் ஆரிஜின் என்ற இடத்தில் 65001 தேர்ந்தெடுங்கள்.

932-இல் தனியாக ஒரு பொறி உண்டு. சில எழுத்துகளின் இரண்டாவது பைட் 92. ஆங்கிலத்தில் 92 என்றால் கோப்புப் பாதையில் வரும் பின்சாய்கோடு. 'திறன்', 'அட்டவணை' என்ற பொருளுள்ள சாதாரண எழுத்துகளே அப்படிப்பட்டவை. இதை அறியாத பழைய நிரல், கோப்புப் பெயரை அந்த இடத்தில் இரண்டாக வெட்டிவிடும். பழைய இயந்திரத்தின் பேக்கப் ஏதோ ஒரு கோப்பில் மட்டும் நின்றுவிடுகிறதென்றால், முதலில் அந்தக் கோப்பின் பெயரைப் பாருங்கள். காப்பு எடுக்கும் கோப்புகளுக்கு ஆங்கில எழுத்தும் எண்ணும் மட்டும் வைப்பது நல்லது.

தரவுத்தளத்தில் விழும் ஓட்டை வேறு. 'யோஷி' என்ற ஜப்பானியப் பெயரெழுத்தின் வழக்கமான எண் 21513. மேலே இருக்கும் இரண்டு கோட்டில் கீழ்க்கோடு நீண்ட வடிவம் ஒன்றும் உண்டு, அதன் எண் 134071. இது 65,536-க்கு மேலே போய்விட்டதால் யூடிஎஃப்-8 முறையில் மூன்று பைட் போதாது, நான்கு வேண்டும். மைஎஸ்க்யூஎல் என்ற தரவுத்தள மென்பொருளில் பழைய 'யூடிஎஃப்8' வகை மூன்று பைட்டோடு நின்றுவிடும். அமைப்பைப் பொறுத்து ஒன்று பதிவே ஏறாது, இல்லையேல் பெயர் அந்த எழுத்தோடு துண்டாகிவிடும். 'யூடிஎஃப்8எம்பி4' என்ற வகைக்கு மாற்ற வேண்டும். அட்டவணையை மட்டும் மாற்றினால் போதாது, இணைப்பின் அமைப்பையும் மாற்ற வேண்டும்.

மொழியைச் சொல்லிக் கொடுப்பது

இப்போது 30452-க்குத் திரும்புவோம். ஒரு சோதனை செய்து பாருங்கள். எச்டிஎம்எல் கோப்பில் 直 என்று இரண்டு தனித்தனிப் பத்தியாக எழுதி, ஒன்றின் 'லாங்' பண்பில் ஜப்பானியக் குறியான 'ஜேஏ', மற்றதில் எளிய சீனத்துக்கான 'இசட்ஹெச்-ஹான்ஸ்' என்று ஆங்கிலத்தில் கொடுத்து உலாவியில் திறவுங்கள். கணினியில் இரண்டு மொழியின் எழுத்துருவும் இருந்தால், ஒன்றில் மூலைமட்டம் தெரியும், மற்றதில் தெரியாது. லாங் பண்பை எடுத்துவிட்டால் இரண்டும் ஒரே மாதிரி ஆகிவிடும். எந்த மாதிரி என்பது அந்தக் கணினியின் மொழி வரிசையைப் பொறுத்தது. தமிழும் ஆங்கிலமும் மட்டுமே வைத்திருக்கும் கணினியோ கைப்பேசியோ மொழி தெரியாத ஹான் எழுத்தைத் தானாக ஏதோ ஒரு பக்கம் தள்ளிவிடும். ஆண்ட்ராய்டில் பெரும்பாலும் சீனப் பக்கம். கைப்பேசியின் மொழிப் பட்டியலில் தமிழுக்கு அடுத்து ஜப்பானியத்தைச் சேர்த்தால் அதே எழுத்துகள் ஜப்பானிய உருவத்துக்கு மாறும். வாட்ஸ்அப்பில் வெறும் உரையாக அனுப்பியது நமக்கு ஒரு மாதிரியும் வாடிக்கையாளருக்கு வேறு மாதிரியும் தெரிவது இதனால்தான்.

இணையப் பக்கத்தில் செய்யும் பெரிய தவறு, எல்லா மொழிக்கும் ஒரே எழுத்துரு வரிசையைக் கொடுப்பது. மெய்ரியோ, யூ காதிக் போன்ற ஜப்பானிய எழுத்துரு முதலில் இருந்தால் சீன வாக்கியமும் அதில்தான் தொடங்கும். ஜப்பானிய எழுத்துருவில் இல்லாத எளிய சீன எழுத்து வரும்போது மட்டும் கணினி வேறு எழுத்துருவுக்குத் தாவும். விளைவு, ஒரே வரியில் சில எழுத்து தடிப்பு, சில மெலிவு; கிழிந்த துணிக்கு ஒட்டுப் போட்டதுபோல. ஒட்டுப் போட்ட வரியைக் கண்டாலே மொழிக் குறியோ மொழிவாரி எழுத்துரு வரிசையோ விட்டுப்போயிருக்கிறது என்று சொல்லிவிடலாம். மொழிவாரியாக வரிசையைப் பிரியுங்கள்: ஜப்பானியத்துக்கு யூ காதிக், எளிய சீனத்துக்கு மைக்ரோசாஃப்ட் யாஹெய், மரபுச் சீனத்துக்கு மைக்ரோசாஃப்ட் ஜெங்ஹெய். மூன்றும் ஒரே சாயலில் வேண்டுமென்றால் அடோபியும் கூகுளும் சேர்ந்து 2014-இல் வெளியிட்ட எழுத்துரு இருக்கிறது. அடோபி அதை சோர்ஸ் ஹான் சான்ஸ் என்றும் கூகுள் நோட்டோ சான்ஸ் சிஜேகே என்றும் தருகின்றன. இலவசம். ஒரே கோப்புக்குள் மொழிவாரி உருவங்கள் எல்லாம் உண்டு, ஆனால் மொழிக் குறி கொடுத்தால்தான் சரியானது வெளியே வரும். ஓர் எழுத்துருவில் 65,535 உருவத்துக்கு மேல் வைக்க முடியாது என்ற எல்லையில் முட்டிக்கொண்டு நிற்கும் எழுத்துரு அது.

வேர்டில் உரையைத் தேர்ந்து, ரிவ்யூ பட்டியலில் மொழியை ஜப்பானியம் என்று அமைத்து, ஃபான்ட் பெட்டியில் ஆசிய எழுத்துக்கான தனிக் கட்டத்தில் எழுத்துருவைக் கொடுக்க வேண்டும். அந்தக் கட்டம் கண்ணில் படவில்லையென்றால் ஆஃபீஸ் மொழிகளில் கிழக்காசிய மொழி ஒன்றைச் சேர்த்த பின்பு வரும். லிப்ரே ஆஃபீஸில் மொழி அமைப்புகளில் 'ஏஷியன்' என்ற பெட்டியை டிக் செய்யுங்கள். தரவை அட்டவணையாக வைத்திருக்கிறவர்கள் ஒரே கட்டத்துக்குள் இரண்டு மொழியைக் கலக்காமல் மொழிக்கு ஒரு நெடுவரிசை வைத்தால், பிறகு எங்கே எடுத்துப்போனாலும் குறி போடலாம். வெறும் உரைக்குள்ளேயே மொழியை மறைத்து அனுப்ப யூனிகோடில் முன்பு சில குறிகள் இருந்தன. அந்தப் பயன்பாடு கைவிடப்பட்டது, அதை நம்ப வேண்டாம்.

அச்சுக்குப் போகும் மாங்கூழ் டின் லேபிள், பெட்டி ஸ்டிக்கர் போன்றவற்றுக்கு வழி எளிது. கிருஷ்ணகிரியில் வடிவமைத்து சிவகாசியில் அச்சடிப்பதாக வைத்துக்கொள்வோம். அங்கே அந்த எழுத்துரு இருக்கும் என்று எண்ணாதீர்கள். கோரல் டிராவில் சரிபார்த்து முடித்த பிறகு உரையைத் தேர்ந்து கன்ட்ரோல்-க்யூ அழுத்தி 'கர்வ்', அதாவது எழுத்துரு தேவைப்படாத வெறும் கோட்டு வடிவம், ஆக்கிவிடுங்கள். கர்வ் ஆன பிறகு திருத்த முடியாது, ஆகவே உரை வடிவிலேயே ஒரு பிரதி தனியாக வையுங்கள். பிடிஎஃப் அனுப்பினால் எழுத்துரு உள்ளே பதிந்திருக்கிறதா என்று ஆவணப் பண்புகளில் பாருங்கள்.

மொழி தெரியாமலே புரூஃப் பார்க்க இரண்டு அடையாளம் போதும். ஒன்று, நாம் மேலே பார்த்த 'நேர்' எழுத்தின் மூலை. இன்னொன்று, முற்றுப்புள்ளியாக வரும் சிறு வட்டம். எண் எல்லோருக்கும் 12290 தான். கிடைவரியில் சீனாவிலும் ஜப்பானிலும் அது தன் கட்டத்தின் இடது கீழ் மூலையில் இருக்கும். தைவானிலும் ஹாங்காங்கிலும் கட்டத்தின் நட்டநடுவில். ஜப்பானியப் பத்தியில் வட்டம் நடுவில் மிதந்தால் தைவான் எழுத்துரு ஏறியிருக்கிறது.

பெயர்கள்

மொழிக் குறியும் போதாத ஓர் இடம் உண்டு: ஜப்பானியக் குடும்பப் பெயரும் ஊர்ப் பெயரும். டோக்கியோவின் கட்சுஷிகா வட்டமும் நாரா மாநிலத்தின் கட்சுராகி நகரமும் ஒரே எழுத்தில் தொடங்குகின்றன, எண்ணும் ஒன்றே. ஆனால் எழுத்தின் அடிப்பகுதியை இரண்டு ஊரும் இரண்டு விதமாக எழுதுகின்றன, இரண்டுமே ஜப்பானியம். 2004-இல் ஜப்பானியத் தரம் 168 எழுத்துகளின் மாதிரி உருவத்தை மாற்றியபோது இதுவும் மாறியது. விண்டோஸ் விஸ்டாவோடு புதிய உருவம் கணினிகளுக்கு வந்தது. பழைய கணினியில் ஒரு மாதிரி, புதியதில் வேறு மாதிரி.

இதற்காக யூனிகோடு வேறுருத் தேர்வுக்குறி என்ற ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. எழுத்துக்குப் பின்னால் கண்ணுக்குத் தெரியாத ஒரு குறி ஒட்டிக்கொள்ளும். ஹான் எழுத்துக்கென்று அப்படி 240 குறிகள். எழுத்துரு அதை அறிந்திருந்தால் கேட்ட உருவம் வரும், அறியாவிட்டால் வழக்கமான உருவம் வரும். எழுத்து எண்ணிக்கையைக் கணக்கிட்டு வெட்டும் நிரலும், 'தேவையற்ற குறிகளை' நீக்கும் நிரலும் இதைச் சத்தமில்லாமல் தின்றுவிடும்.

ஏற்றுமதிக் கருங்கல்லில் ஒரு குடும்பப் பெயரைப் பொறிக்கும் வேலை வந்தால் கோப்பில் இருக்கும் உரையை மட்டும் நம்பிக் கல்லில் கை வைக்கக்கூடாது. பெயர் தெரியும்படி ஸ்கேன் செய்த படத்தை முதலில் வாங்குங்கள். உங்கள் திரையில் வந்த உருவத்தைக் கர்வ் ஆக்கி, அந்தப் படத்தின் மேல் வைத்து ஒவ்வொரு கோடாக ஒப்பிடுங்கள்: புள்ளி ஒன்றா இரண்டா, மேல்கோடு நீளமா கீழ்க்கோடு நீளமா. அதைப் படமாகவே திருப்பி அனுப்பி, குடும்பத்தார் சரி என்று எழுதித் தந்த பிறகு உளியைத் தொடலாம்.